'ரிலே போச்சு' என்றால் எது போச்சு?

வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்த கார். சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றும், என்ஜின் பிடிக்காது. கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடும். 1980களின் கடைசியிலும் 90களிலும் வந்த ஹோண்டா சிவிக், அக்கார்டு கார்களை அமெரிக்காவில் வைத்திருந்தவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. வண்டியை இழுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் சூடு ஆறிவிடும். மெக்கானிக் சாவியைத் திருப்புவார், ஓடும். 'ஒண்ணும் இல்லையே சார்!'

என் தொழில் மென்பொருள். வந்து வந்து போகும் பிழைகளோடு இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன். அதனால் இந்தக் கதையைப் படித்ததும் விட மனசில்லை. குற்றவாளி, டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் மெயின் ரிலே என்ற சின்ன டப்பா. ரிலே என்பது எங்கள் தொழிலுக்கே தாத்தா முறை என்பதால் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

தபால் வண்டிக் காலத்தில், களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டு வழியில் புதுக் குதிரை பூட்டுவதற்குத்தான் 'ரிலே' என்று பெயர். தந்திக் கம்பியிலும் அதே பிரச்சினை. தூரம் போகப் போக மின்சாரம் களைத்துவிடும். களைத்த மின்சாரத்தால் ஒரு சிறு மின்காந்தத்தை மட்டும் இழுக்க முடிந்தால் போதும், அது வேறொரு பேட்டரியின் சுற்றை மூடிவிடும். அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1835 வாக்கில் செய்துகாட்டிய யோசனை இது. சிறிய மின்சாரம் பெரிய மின்சாரத்தை ஏவுகிறது. அவ்வளவுதான் ரிலே.

1941இல் ஜெர்மனியில் கொன்ராட் ட்ஸூஸ தன் இசட்3 கணினியை ரிலேக்களாலேயே கட்டினார். ஹார்வர்டின் மார்க் 2-வும் ரிலே கணினிதான். 1947 செப்டம்பர் 9 அன்று அதில் ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். 'பக்' என்ற சொல் அங்கேதான் பிறந்தது என்பார்கள். அது சரியில்லை, 1878லேயே எடிசன் அதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். எனக்குப் பிடித்தது வேறு விஷயம். பேனல் எஃப், 70ஆம் ரிலே என்று இடத்தைக் குறித்து, பூச்சியையும் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிவைத்தார்கள். 'ரிலே ஏதோ கோளாறு' என்று எழுதிவிட்டுப் போகவில்லை.

இப்போது காருக்கு வருவோம். அந்த ஹோண்டா டப்பாவுக்குள் இரண்டு ரிலே. ஒன்று என்ஜின் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும், மற்றது ஃப்யூயல் பம்புக்கு. சாவியை 'ஆன்' வரை திருப்பினால் கம்ப்யூட்டர் சுமார் 2 விநாடி பம்பை ஓட்டிவிட்டு நிறுத்தும். பிறகு என்ஜின் சுற்றினால்தான் பம்ப் ஓடும். விபத்தில் என்ஜின் நின்றால் பெட்ரோல் பாயக் கூடாது அல்லவா?

பழுது எங்கே? காயிலும் இல்லை, கான்டாக்டிலும் இல்லை. ரிலேயின் கால்கள் சர்க்யூட் போர்டில் சேரும் சால்டரில். சூட்டில் உலோகக் காலும் போர்டும் ஒரே அளவில் விரிவதில்லை. இடையில் மாட்டிக்கொண்ட சால்டர் தினமும் கொஞ்சம் இழுபடுகிறது. வருஷக்கணக்கில் இது நடந்தால், காலைச் சுற்றி மோதிரம் போல ஒரு விரிசல். சூடானால் திறக்கும், ஆறினால் ஒட்டும். நம்ம ஊர் பாஷையில் லூஸ் கான்டாக்ட். ஹென்றியின் யோசனை நூற்றைம்பது வருஷம் கழித்தும் சரியாகத்தான் வேலை செய்தது. கால் ஊன்றிய இடம்தான் விட்டுப்போனது.

தெரியாதவர்கள் பம்பை மாற்றினார்கள், டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றினார்கள். மாற்றும்போது வண்டி ஆறியிருந்ததால் உடனே ஓடியது. பழுது தீர்ந்த மாதிரி தோன்றும். அடுத்த வெயில் நாளில் பழைய கதை.

ஆகவே பழுது இருக்கும்போதே பிடிக்க வேண்டும். சாவியை 'ஆன்' செய்து பின் சீட்டுப் பக்கம் காது கொடுங்க. செக் என்ஜின் விளக்கு எரிந்து அணைகிறது, ஆனால் பம்பின் 'ம்ம்ம்' சத்தம் இல்லை என்றால் ரிலேயின் பம்ப் பாதி மேல் சந்தேகம். அந்த நேரத்தில் ரிலே சாக்கெட்டில் மீட்டர் வைத்து, உள்ளே வரும் 12 வோல்ட் வெளியே போகிறதா என்று பாருங்க. ஆறிவிட்டால் ஹேர் டிரையரால் ரிலேயைச் சூடாக்கிப் பழுதை வரவழைக்கலாம். டப்பாவைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தால் மோதிர விரிசல் தெரியும். பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் தீர்ந்தது.

புது ரிலேயும் சில மாதத்தில் போகிறதா? அப்போது ரிலேயை விட்டுவிட்டு, பம்ப் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளக்க வேண்டும். தேய்ந்த பம்ப் அதிகம் இழுத்து கான்டாக்டைக் கருக்கிவிடும். செத்தது ரிலே, கொன்றது பம்ப்.

யாராவது 'ரிலே போச்சு சார்' என்றால், புதுசுக்குக் காசு எடுப்பதற்கு முன்னால் கேளுங்க: ரிலேயில் எது போச்சு?