தஞ்சைச் சாஸ்திரியார் குடும்பமும் திருச்சபைகளும்

ஒரு குடும்பம் எந்தத் திருச்சபையைச் சார்ந்தது என்னும் வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம் என்று பலர் எண்ணுவர். தலைமுறைகளை வரிசைப்படுத்திப் பார்க்குங்கால் அவ்விடை போதாது என்பது புலனாகும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) குடும்ப வரலாறு இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

சாஸ்திரியாரின் தந்தையார் நெல்லைச் சீமையைச் சேர்ந்த வேளாளர். சைவராய்ப் பிறந்து, கத்தோலிக்க சமயத்தைத் தழுவித் தேவசகாயம் எனப் பெயர் பூண்டவர். மைந்தரோ 1785இல் சுவார்ட்சு ஐயரின் மாணவராகித் தஞ்சை சேர்ந்து, சீர்திருத்தச் சபையில் வளர்ந்தார். இரண்டே தலைமுறைகளில் மூன்று நெறிகளை அக்குடும்பம் கண்டது.

அச்சீர்திருத்தச் சபையும் ஒரே வண்ணமுடையதன்று. சுவார்ட்சு 1749இல் கோப்பன்ஹேகனில் குருப்பட்டம் பெற்ற லூத்தரன். எனினும், 1760களின் பிற்பகுதி முதல் அவரை ஆதரித்தது இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சங்கமொன்றாகும். 1820களில் தஞ்சை மிஷன் மற்றோர் ஆங்கிலிக்கன் சங்கத்தின் பொறுப்புக்கு மாறியது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். அவர்தம் சபையே மாறிற்று.

புதிய குருமார், பப்ரிசியுவின் விவிலியத் தமிழைத் திருத்தவும், ஆலயத்தில் சாதி வேறுபாட்டை ஒழிக்கவும், விழா வழக்கங்களையும் தமிழிசைப் பாடல்களையும் விலக்கவும் முற்பட்டனர். இவை அனைத்தையும் எதிர்த்துச் சாஸ்திரியார் 1829இல் எழுதினார், மிஷனுடன் முரண்பட்டார். சுவார்ட்சின் அரவணைப்பில் அவரோடு இளமையில் பழகிய சரபோசி மன்னர் அவரை ஆதரித்தார்.

இவ்விடத்தில் நடுவுநிலை வேண்டும். தமிழ்ப் பாட்டுக்காக அவர் வாதாடியதைப் போற்றும் நாம், அதே எழுதுகோல் சாதிப் பிரிவினைக்கும் அரணாய் நின்றதை மறைத்தலாகாது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை அறவே விலக்குமாறு ஆணையிட்டார். அப்போது தஞ்சையில் பலர் சபையை விட்டு விலகினர். அத்தகையோருள் சிலர் பின்னர் லைப்சிக் லூத்தரன் மிஷனைச் சார்ந்தனர். சபை மாற்றத்திற்குச் சமயக் கொள்கை மட்டுமன்றிக் குலப்பற்றும் காரணமாயிற்று என்பதை இது காட்டுகின்றது.

காலப்போக்கில் லூத்தரன் கிளை 1919இல் தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபையாயிற்று. ஆங்கிலிக்கன் கிளை 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தது. ஆயின், ‘பெத்லகேம் குறவஞ்சி’ தந்த புலவரின் கீர்த்தனைகளை இரு சபையாரும் பாடிவருகின்றனர். அவர்தம் வழித்தோன்றல்களும் சாஸ்திரியார் என்னும் பட்டத்துடன் கதாகாலட்சேபம் செய்து அம்மரபைக் காத்தனர்.

குடும்ப வரலாறு எழுதப் புகும் மாணவர்கள் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். மாறியது குடும்பமா, சபையா? மாற்றத்திற்குக் காரணம் கொள்கையா, குலமா? எல்லா மாற்றங்களுக்கும் இடையே நிலைத்து நின்றது எது? சாஸ்திரியார் குடும்பத்தைப் பொறுத்தவரை, மூன்றாம் வினாவுக்குரிய விடை தமிழ்ப் பாட்டேயாகும்.