வண்டிச்சத்தம்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கிய ஆண்டு 1867. அதற்கு முற்பட்ட சில பத்தாண்டுகளில் மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்த்தவை பெரும்பாலும் மாட்டு வண்டிகளே. ஓர் அந்தர் கோப்பியை இறக்குவதற்கு இவ்வளவு சத்தம் என்பது தோட்டத்துரையின் ஆளும் வண்டிக்காரனும் பேசித் தீர்த்துக்கொள்ளும் காரியமாக இருந்தது. அப்பேச்சில் துரையின் கையே என்றும் ஓங்கியிருந்தது என்று எண்ணுதல் தவறு.

கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமாகும்வரை மலைநாட்டுக்கு வண்டி செல்லும் தெரு இல்லை. உப்பும் கருவாடும் தவளமாட்டின் முதுகிலேறி மேலே சென்றன. பாக்கு கீழே வந்தது. தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில், இராசகாரிய முறையிற் பிடித்த ஆட்களைக் கொண்டு, 72 மைல் நீளமான கொழும்பு - கண்டித் தெரு வெட்டப்பட்டது. அதனை அமைத்த கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுந்த கோபுரம் கடுகண்ணாவையில் நிற்கிறது. தெரு வந்தபின் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களை நம்பி வண்டிகளும் பெருகின.

வண்டிக்காரருட் பெரும்பாலோர் கரைநாட்டுச் சிங்களவர். ஒரு வண்டியும் ஒரு சோடி எருதுமே சொத்தாக உடையவர் பலர். பல வண்டிகளை வைத்துக் கூலிக்கு ஆள் அமர்த்தியவரும் உளர். இவர்கள் சத்தம் கேட்ட முறையிற் கணக்கு இருந்தது. கீழே இறங்குவது கோப்பி. மேலே ஏறுவது தோட்டத் தொழிலாளருக்கான அரிசி. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் வயிற்றுக்கு வேண்டிய அந்த அரிசியும் கடல் கடந்தே வந்தது. இருவழியும் சுமை கிடைக்குமானால் வண்டிக்காரன் சற்று இறங்கிவருவான். ஒருவழி வெறும் வண்டியாக ஓட்ட வேண்டுமானால், அந்த வெறுமைக்கும் சேர்த்தே கேட்பான்.

ஆண்டிறுதியில் கோப்பிப் பழம் பழுக்கும். எல்லாத் தோட்டங்களும் ஒரே காலத்தில் வண்டி தேடும். ஈரம் உலராத கோப்பி தோட்டத்துப் பண்டகசாலையிற் கிடந்தால் கெட்டுப்போகும். கொழும்பிற் கப்பல் காத்திராது. இன்னொருபுறம் அரிசி தீர்ந்துபோன தோட்டத்தில் துரை எவ்வளவு நேரம் பேரம்பேச முடியும்? அடுத்த தோட்டத்துக்காரன் கூடக் கொடுக்கிறான் என்ற ஒரு சொல்லே போதும், சத்தம் ஏறிவிடும்.

வண்டிக்காரனின் பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். மழை பெய்தால் தெரு சேறாகும், கடுகண்ணாவை ஏற்றத்தில் சில்லுப் புதையும், நாட்கள் நீளும். வழியில் ஆயமும் கட்ட வேண்டும். கால்நடைக் கொள்ளைநோயில் எருது விழுந்தால், அவன் முதல் முழுவதும் அத்துடன் விழுந்தது. எனவே அவன் சத்தத்துடன் முற்பணமும் கேட்டான். முற்பணம் பெற்றவன் வராதொழிந்தான் என்றும், வழியிற் கோப்பியைத் திருடி, மிகுதியை நனைத்து ஊதவைத்து அளவைச் சரிக்கட்டினான் என்றும் தோட்டக்காரர் முறையிட்டனர். அம்முறைப்பாடுகளிற் பொய்யில்லை, ஆயினும் எழுத்தில் நிலைத்தது துரைமாரின் குரல் மாத்திரமே. மாடு செத்தவன் தன் நட்டத்தை எந்தப் பத்திரிகைக்கு எழுதினான்?

1854இல் தோட்டக்காரர் கண்டியிற் சங்கம் அமைத்தனர். தெருவும் புகையிரதமும் அவர்களின் நெடுநாட் கோரிக்கைகள். வண்டிச்சத்தத்திலிருந்து விடுபடுதல் அவற்றின் உள்நோக்கங்களுள் ஒன்று. புகையிரதக் கம்பனி 1845இலேயே தோன்றியிருந்தும், வேலை தொடங்கியது 1858இல்தான். பின்னர் அரசாங்கமே பொறுப்பேற்று, 1865இல் அம்பேபுசவரையும் இரண்டாண்டுகளிற் கண்டிவரையும் பாதையை முடித்தது. சத்தம் இனிப் பட்டியலில் அச்சாகி நிலையத்தில் தொங்கிற்று. அதனோடு பேரம் பேச எவராலும் முடியவில்லை, துரையாலுங்கூட.

கண்டித் தெருவின் நெடுந்தூர வண்டித்தொழில் இவ்வாறு தளர்ந்தது. ஆனால் தண்டவாளம் முடிந்த இடத்தில் வண்டி தொடங்கியது. 1874இல் பாதை நாவலப்பிட்டியை அடைந்தது. 1885இல் நானுஓயாவை அடைந்தது. இதற்கிடையே, 1869இல் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. சுமை மாறிய போதிலும், நிலைய முற்றத்தில் எருதுகளை அவிழ்த்துவிட்டு, மேலே போக எவ்வளவு என்று கேட்கும் பேச்சு மாறவில்லை. பாதை பதுளையை அடைந்த 1924ஆம் ஆண்டில் மோட்டார் லொறிகளும் மலைத் தெருக்களில் ஏறத் தொடங்கியிருந்தன.