உறுதியில் உயிரோடிருந்தவர்

யாழ்ப்பாணத்தில் கலியாணப் பேச்சு எழுந்ததும், சாதகம் பார்ப்பதற்கு முன்னரே கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. "அந்தக் குடும்பத்திலை வருத்தம் ஏதும் இருக்கோ?" என்பதே அது. வருத்தம் என்றால் எங்கள் ஊரில் பொதுவாக நோய். குரலைத் தாழ்த்திக் கேட்டால் அது ஒரே ஒரு நோய். குட்டம், பெருவியாதி, தொழுநோய் என நூல்களில் பல பெயர்கள் இருப்பினும், வீட்டுக்குள் அதற்குப் பெயரே கிடையாது.

பரம்பரையாக வரும் நோய் அது என்ற நம்பிக்கை நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. 1847 இல் நோர்வே நாட்டு வைத்தியர்களான டானியல்சனும் பெக்கும் வெளியிட்ட பெருநூலும் அதையே சொன்னது. அதே ஆண்டிலேதான் வைத்தியர் சாமுவேல் கிறீன் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்திறங்கினார். மானிப்பாயில் தங்கி, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, அங்காதிபாதம் முதலான நூல்களைத் தமிழில் தந்த அவர், 1873 இல் இங்கிருந்து விடைபெற்றார். அந்த 1873 இல், டானியல்சனின் மருமகனாகிய ஹான்சன், நோயாளரின் உடலிலிருந்து எடுத்த திசுவிலே கிருமியைக் கண்டார். மாமனாரின் கொள்கை மருமகனாலேயே விழுந்தது! இச்செய்தி உலகின் அரசாங்கங்களை எட்டியது. எங்கள் ஒழுங்கைகளை எட்டவில்லை.

1897 இல் பேர்லினில் கூடிய மாநாடு நோயாளரைத் தனிமைப்படுத்தும்படி சொன்னது. 1901 இல் இலங்கையிலும் அதற்கென ஒரு சட்டம் வந்தது. ஒல்லாந்தர் 1708 இல் ஹெந்தளையில் தொடங்கிய குட்டநோய் மருத்துவமனை ஏற்கெனவே இருந்தது; பின்னர் மட்டக்களப்பு வாவி நடுவே மாந்தீவும் அதற்கென ஒதுக்கப்பட்டது. தொற்றும் என்று அஞ்சிய சட்டம் மனிதனை வீட்டிலிருந்து பிரித்தது. பரம்பரை என்று அஞ்சிய வீடு அவன் பெயரையே துடைத்தது. ஒன்றுக்கொன்று முரணான இரு நம்பிக்கைகளும் ஒருவன் தலையிலேயே விழுந்தன.

எங்கள் குடும்பத்திலும் விழுந்தன. அம்மம்மாவின் தமையனார் ஒருவர் மலாயாவில் றயில்வேக் கந்தோரில் எழுதுவினைஞர். 1931 இல் காய்ச்சலில் மோசம் போனார் என்பதே நாங்கள் அறிந்த கதை. அவருக்கு ஆண்டுதோறும் திவசமும் நடந்தது. 1995 இடப்பெயர்விலும் விடாது சுமந்துபோன பெட்டியிலிருந்த காணி உறுதிகளை அண்மையில் வாசித்தபோது, முதுசக் காணியைச் சகோதரர் இருவருக்குப் பங்கிட்ட உறுதி ஒன்று அகப்பட்டது. ஆண்டு 1936. பாதிப் பங்கு, "மலாயா சுங்கை பூலோ வாசி"யாகிய அந்தத் தமையனாருக்கு! எள்ளும் தண்ணீரும் ஒரு கையால், காணி மறு கையால்.

தொண்ணூறைத் தொட்ட பெரியம்மாவிடம் கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்து விட்டுச் சொன்னார்: "அவர்தானாம் எழுதினவர். தங்கச்சிமார் கரைசேர வேணும், என்னைச் செத்தவனா நினையுங்கோ எண்டு."

சுங்கை பூலோ, கோலாலம்பூருக்கு அண்மையில் 1930 இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு. ஒரு காலத்தில் 2000 பேருக்கு மேல் அங்கே வாழ்ந்தனர். சிறு சிறு வீடுகள், பூந்தோட்டம், சந்தை, பாடசாலை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் யாவும் இருந்தன. உள்ளே மட்டும் செல்லுபடியாகும் பண நோட்டும் இருந்தது; நோயாளர் தொட்ட காசு வெளியே போகக்கூடாதல்லவா! அங்கே கலியாணம் செய்தவர்களும் உண்டு. ஆனால் பிறந்த குழந்தைகள் தாயிடமிருந்து உடனே பிரிக்கப்பட்டன. பல பிள்ளைகள் தத்துக் கொடுக்கப்பட்டனர். 2007 இல் குடியிருப்பின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அங்கே பிறந்து பிறர் வீட்டில் வளர்ந்தவர்கள் சிலர், முதுமையை எட்டியபின் பெற்றோரின் பெயரையும் கல்லறையையும் தேடி வந்திருக்கின்றனர்.

மனிதரில் ஏறத்தாழ 95 சதவீதத்தினரை இந்நோய் அணுகாது. அவ்வளவு பலவீனமான கிருமி. 1940களில் சல்போன் மருந்து வந்தது. 1981 இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தினால் ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ நோய் குணமாகிறது. அவர் அந்த மருந்தைக் கண்டாரா என்று பெரியம்மாவைக் கேட்டேன். 1941 இன் பின் கடிதம் வரவில்லையாம், யப்பானியர் யுத்தம்.

வேலிக்கு அப்பாலுள்ள பாதிக் காணி இன்னும் அவர் பெயரிலேயே கிடக்கிறது. அவருடைய உரித்தாளர் யாரென்று நொத்தாரிசு கேட்கிறார். திவசத்தை நிறுத்துவதா என்று அம்மா கேட்கிறார்.