ஐசோபுரோஸ்டேன்

ஐசோபுரோஸ்டேன் என்பது உடலில் நடக்கும் ஆக்சிஜனேற்றச் சேதத்தை அளக்க உதவும் கொழுப்பமில வளர்சிதைப் பொருள். செல் சவ்வுகளில் உள்ள அராகிடோனிக் அமிலத்தை ஃப்ரீ ராடிக்கல்கள் தாக்கும்போது இது உண்டாகிறது. எந்த நொதியும் தேவையில்லை.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஜாக்சன் ராபர்ட்ஸ், ஜேசன் மாரோ ஆகியோர் இதையொத்த, ஆனால் நொதியால் உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் ஒன்றை அளந்துகொண்டிருந்தபோது இது தட்டுப்பட்டது. புதிதாக எடுத்த ரத்தப் பிளாஸ்மாவில் அந்தப் புரோஸ்டாகிளாண்டினின் அளவு மிகக் குறைவு. மைனஸ் 20 டிகிரியில் பல மாதம் கிடந்த பிளாஸ்மாவிலோ அதைப் போன்ற சேர்மங்கள் பல மடங்கு. உறைந்த நிலையிலும் கொழுப்பு காறிப்போய்க்கொண்டிருந்தது! மாதிரி கெட்டுவிட்டது என்று அவர்கள் அதைக் கொட்டிவிடவில்லை. உயிருள்ள உடலிலும் இதுவே நடக்கிறதா என்று பார்த்தார்கள். இந்தத் துறையின் பிறப்பே அந்தக் கேள்வியில்தான்.

விடை 1990இல் வெளியானது. நலமாக இருப்பவர்களின் ரத்தத்திலும் சிறுநீரிலும்கூட இச்சேர்மங்கள் இருந்தன. புரோஸ்டாகிளாண்டினை உருவாக்கும் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியைத் தடுக்கும் மருந்து கொடுத்தும் அவை குறையவில்லை. கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற நச்சு செலுத்திய எலிகளில் 200 மடங்கு வரை ஏறின. 1992இல் இன்னொரு வேறுபாடும் தெரிந்தது: புரோஸ்டாகிளாண்டின் உருவாக அராகிடோனிக் அமிலம் சவ்விலிருந்து பிரிந்து வரவேண்டும், ஐசோபுரோஸ்டேனோ சவ்விலேயே உருவாகி, பிறகுதான் விடுபடுகிறது.

1995இல் புகைபிடிப்பவர்களிடம் இதன் அளவு கூடுதலாக இருப்பதும், இரண்டு வாரம் புகையை நிறுத்தினாலே இறங்குவதும் நிறுவப்பட்டன. 2005இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் சுகாதார அறிவியல் நிறுவனம் நடத்திய ஒப்பீட்டாய்வு, ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கான சிறந்த குறியீடுகளுள் ஒன்றாக இதைச் சொன்னது. ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சுக்காற்றைக் குளிரவைத்து எடுக்கும் நீரிலும் இதை அளக்கிறார்கள்.

வைட்டமின் மாத்திரைகளைச் சோதிக்கவும் இது பயன்பட்டது. 2007இல் ராபர்ட்ஸ் குழு, கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களுக்கு வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தது. நாளொன்றுக்கு 1,600 யூனிட்டுக்குக் குறைவான அளவுகளில் ஐசோபுரோஸ்டேன் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. சாதாரண மாத்திரையில் இருப்பது இதில் சிறு பங்குதான் என்பதை, விளம்பரத்தை நம்பி வாங்குவோர் அறிந்திருப்பது நல்லது.

ஒரு சிக்கல் பின்னர் வெளிப்பட்டது. அதிகம் அளக்கப்படும் வகையான 8-ஐசோ-பிஜிஎஃப்2 ஆல்ஃபாவை, அழற்சியின்போது சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியும் ஓரளவு உண்டாக்குகிறது. ஆகவே, அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து ஆக்சிஜனேற்றச் சேதம் என்று தீர்ப்பெழுத முடியாது. அதே நொதி உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டினான பிஜிஎஃப்2 ஆல்ஃபாவையும் சேர்த்து அளந்து இரண்டின் விகிதத்தைப் பார்க்க வேண்டும்.