அட்டையில் ஐந்து சொற்றொடர்: கிராப்பிக்கு வாங்கும் கிராங்பைட்

மூலம்: பேண்டிட் 300. நீளம் 2 அங்குலம். மூழ்கும் ஆழம் 8 முதல் 12 அடி. மும்முள் இரண்டு. விலை சுமார் 7 டாலர்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து வடபகுதியில் தூண்டில் கடைக்குள் நுழைந்தால், கொக்கியில் தொங்கும் அட்டைகளிலும் அவற்றின்மேல் ஒட்டிய விலைச் சீட்டிலும் உள்ள செய்தி சுருக்கமாக இவ்வளவுதான். அர்கபட்லா, சார்டிஸ், ஈனிட், கிரெனடா என்று நான்கு பெரிய வெள்ளத்தடுப்பு நீர்த்தேக்கங்கள் அங்கே அடுத்தடுத்துக் கிடக்கின்றன. வெள்ளைக் கிராப்பி என்ற நன்னீர் மீனின் உலகச் சாதனை, 5 பவுண்டு 3 அவுன்ஸ் எடையில், 1957இல் ஈனிட்டில் பிடிபட்டது. அந்த ஏரிகளில் கோடைகாலத்தில் படகை மெல்ல ஓட்டிக்கொண்டே கிராங்பைட் என்ற மூழ்கும் பொய் இரையை இழுப்பவர்களை மனத்தில் வைத்தே இந்த ஐந்து சொற்றொடருக்கும் பொருள் சொல்கிறேன்.

‘பேண்டிட் 300.’ பேண்டிட் அந்த வட்டாரத்திலேயே பிறந்த பெயர். 100, 200, 300 என்பவை ஆழத்தைக் குறிக்கும் வரிசை எண்கள். மூன்றுக்கும் உடல் ஏறக்குறைய ஒன்றே. மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் தகடுதான் வேறு. தகடு நீள நீள, இரை ஆழமாக இறங்கும். ஜூலை, ஆகஸ்டில் கிராப்பி கரையோரப் புதர்களை விட்டுவிட்டு, நடு ஏரியில் ஷாட் மீன்குஞ்சுக் கூட்டங்களின் பின்னால் அலையும். அப்போது 300 வேண்டும். மீன் மேலே ஏறி நிற்கும் நாட்களில் 200 போதும்.

‘நீளம் 2 அங்குலம்.’ கோடையில் ஷாட் குஞ்சு ஏறத்தாழ இந்த அளவில் இருக்கும். பெரிய இரைக்குப் பெரிய மீன் என்ற கணக்கில் 3 அங்குலத்தைத் தேடி ஓட வேண்டாம். ஒரு பவுண்டுகூடத் தேறாத கிராப்பியும் 2 அங்குல இரையை மறுக்காமல் கவ்வும்.

‘மூழ்கும் ஆழம் 8 முதல் 12 அடி.’ பணம் இந்த வரியில்தான் இருக்கிறது. அட்டை சொல்லும் ஆழம் பொதுக் கணக்கு. படகின் பின்னால் இழுக்கும்போது ஆழத்தை முக்கியமாக முடிவு செய்பவை இரண்டு: எவ்வளவு நரம்பு விட்டிருக்கிறோம், அந்த நரம்பு எவ்வளவு தடிமன். மெல்லிய நரம்பைத் தண்ணீர் குறைவாகப் பிடித்து நிறுத்தும். இரை ஆழமாகப் போகும். பலரும் 10 பவுண்டு மோனோ (ஒற்றையிழை) நரம்பைக் கட்டி, அடி எண்ணும் ரீலில் 100 அடி விட்டுத் தொடங்குகிறார்கள். இன்னும் நீளமாக விட்டால் 12 அடியையும் தாண்டும். வேகம் மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு மைல். கிராப்பி மேல்நோக்கிப் பார்த்து இரை தேடும் மீன். மீன் 12 அடியில் நின்றால் இரை 10 அல்லது 11 அடியில் ஓடவேண்டும். அதன் வயிற்றுக்குக் கீழே ஓடுகிற இரையால் பயனில்லை.

படகு வளையும்போது கவனியுங்கள். வெளிப்பக்கக் கம்புகளின் இரை வேகம் கூடும். உட்பக்க இரை வேகம் குறைந்து மேலெழும்பும். வளைவில் வெளிக்கம்பு மட்டும் குனிந்தால், வேகத்தைச் சற்றுக் கூட்டு என்று மீனே சொல்கிறது.

ஆகவே ஒரு இரையின் மதிப்பு, ஆழம் பிசகாமல் நேராக ஓடுவதில் இருக்கிறது. இரண்டு பேர், ஆளுக்கு மூன்று கம்பு என்று வைத்துக்கொள்வோம் (எத்தனை கம்பு வைக்கலாம் என்பது ஏரிக்கு ஏரி மாறும், விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்). ஆறு நரம்பு பின்னால் விரிந்து போகும்போது, ஒன்று மட்டும் இடப்பக்கம் இழுத்தால் பக்கத்து நரம்பில் சுற்றிக்கொள்ளும். பேர்தெரியாத 2 டாலர் இரையில் எனக்குள்ள தயக்கம் இதுதான். சில அருமையாக ஓடும். அதே பெட்டியின் அடுத்தது ஓடாது. அதனால் எதை வாங்கினாலும் முதலில் படகோரமாக நாலடி நரம்பில் ஓடவிட்டுப் பாருங்கள். கம்பு நுனி சீராகத் துடிக்கவேண்டும். இரை இடப்பக்கம் சாய்ந்தால், நரம்பு கட்டும் வளையத்தைக் குறடால் மயிரிழை அளவு வலப்பக்கம் வளையுங்கள், வலமென்றால் இடப்பக்கம். பின்னால் நரம்பை நீளமாக விட்ட பிறகும் அந்த நுனித் துடிப்பே சாட்சி. துடிப்பு மங்கினால் தகட்டில் இலையோ குச்சியோ மாட்டியிருக்கிறது.

‘மும்முள் இரண்டு.’ கிராப்பியின் வாய்த்தோல் காகிதம்போல் மெல்லியது. கம்பை வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். படகின் ஓட்டமே முள்ளைப் பதித்துவிடும். ரீலின் பிடியைத் தளர்த்தி வைத்து, மெதுவாகச் சுற்றி, வலையில் அள்ளுங்கள். மலிவான இரைகளில் முதலில் கெடுவது முள்தான். முனையை நகத்தின்மேல் வைத்து நகர்த்துங்கள். வழுக்கினால் மொட்டை, கீறினால் கூர். மொட்டை முள்ளை மட்டும் மாற்றினால் இரை புதிதாகிவிடும்.

‘விலை சுமார் 7 டாலர்.’ ஆறு கம்புக்கு, ஒன்று போனால் இன்னொன்று என்று பன்னிரண்டு வாங்கினால் 84 டாலர். முதல் நாளே அவ்வளவு தேவையில்லை. நிறத்துக்காக அதிகம் செலவழிக்கவும் வேண்டாம். கலங்கிய நீருக்கு ரோஸ், ஆரஞ்சு, மஞ்சள்பச்சை. தெளிந்த நீருக்கு வெள்ளி, வெள்ளை. எந்த நிறத்தை மீன் இரண்டு மூன்று முறை தொட்டதோ, அந்த நிறத்தில் அடுத்தது வாங்கலாம். மூழ்கிய மரக்கட்டைகள் நிறைந்த ஏரிகளில் இரை மாட்டிக்கொள்வது சகஜம். இது மிதக்கும் இரை என்பதால், மாட்டியதும் இழுக்காமல் படகைப் பின்னே கொண்டுபோய் நரம்பைத் தளரவிட்டால் பல சமயம் தானே கழன்று மேலே வரும். வராவிட்டால் நரம்பின் வழியே கீழே இறக்கித் தட்டும் ஈயக்குண்டுக் கருவி இருக்கிறது. அது ஓர் இரையை மீட்டாலே தன் விலையில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும்.

கையில் 50 டாலர்தான் இருக்கிறதென்றால், மூன்று நிறத்தில் ஐந்து 300 வாங்குங்கள். மீதியில் அந்த ஈயக்குண்டையும் ஒரு பொட்டலம் மாற்று முள்ளையும் வாங்கிக்கொள்ளுங்கள். 2 டாலர் இரைகளை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.