ஒரு விரலுக்கு எத்தனை சதவீதம்?

திண்டுக்கல்னா நமக்குப் பூட்டும் பிரியாணியும்தான் ஞாபகம் வரும். ஆனா வேடசந்தூர் பக்கம் போனீங்கன்னா நிறைய ஸ்பின்னிங் மில். அங்கே பஞ்சைச் சீவுறது கார்டிங் மெஷின். சுவிட்சை அணைச்சாலும் அதோட கனமான சிலிண்டர் உடனே நிக்காது. நின்னுடுச்சுன்னு நினைச்சு, சிக்கின பஞ்சை எடுக்கக் கையை விட்டா விரல் போயிடும்.

அப்படிப் போன விரலுக்கு யார் பொறுப்பு? 1881 தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தான மெஷினுக்குத் தடுப்பு வைக்கச் சொன்னது. அடிபட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்லலை. ஜெர்மனியில் 1884-லயும் பிரிட்டனில் 1897-லயும் அதுக்குச் சட்டம் வந்தது. இங்கே 1923-ல் நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் அமலானது. முதலாளி மேல தப்புன்னு நிரூபிக்க வேண்டாம். வேலையால, வேலை நேரத்தில் நடந்த விபத்துன்னா போதும். "கவனக்குறைவு"ன்னு மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

அந்தச் சட்டத்தோட அட்டவணையைப் படிச்சப்போ, கோடு எழுதுற எனக்கு அது ஒரு ஃபங்ஷன் மாதிரியே தெரிஞ்சது. கட்டைவிரல் முழுசா போனா 30%, ஆள்காட்டி விரல் 14%, சுண்டுவிரல் 7%. சம்பளத்தில் 60%, வயசுக்கான காரணி, இந்தச் சதவீதம் மூணையும் பெருக்கணும். மாசம் 15,000 ரூபாய் வாங்கும் 25 வயசுக்காரருக்குக் காரணி 216.91. கட்டைவிரலுக்கு 5,85,657 ரூபாய் வரும். இ.எஸ்.ஐ. இருந்தா முதலாளிக்குப் பதில் இ.எஸ்.ஐ.யே பணம் தரும், தவணை தவணையா.

ஆனா என்னை நிறுத்தின இடம் அந்தக் கணக்கு இல்லை. ஆஸ்பத்திரி கட்டில் பக்கத்தில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்"னு கையெழுத்து வாங்கினா? அந்த ஒப்பந்தம் செல்லாதுன்னு 1923 சட்டத்தோட 17-வது பிரிவு சொன்னது. பெண் தொழிலாளிக்கு மொத்தத் தொகை தரணும்னா ஆணையர்கிட்டதான் கட்டணும்னு அந்தச் சட்டத்தில் இருந்தது. நேரா கையில் கொடுத்தது இழப்பீடாவே கணக்கில் வராதுன்னு அதோட 8-வது பிரிவு சொன்னது. திண்டுக்கல் மில்லுகளில் எத்தனை இளம்பெண்கள் வேலை பார்க்கிறாங்கன்னு யோசிங்க.

விரல் அட்டவணை 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கு; உரிமையை எழுதி வாங்கினா செல்லாதுங்கிறதும் இருக்கு. கட்டு போட்ட கையோட இருக்கிறவர்கிட்ட யாராவது பேப்பரை நீட்டினா, இது ஞாபகம் இருக்கட்டும். போட்ட கையெழுத்தோட அவர் உரிமை முடிஞ்சுடலை.