இன்ஜினின் மூச்சுக்குழாயும் ஒரு நகரத்தின் புகையும்

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் கூடவே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவார்கள். இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்ப்பார் அவர். உள்ளேயிருந்து குபுகுபுவென்று புகை வந்தால் உதட்டைப் பிதுக்குவார். ‘ரிங் போயிருச்சு’ என்பார். வேலை முடிந்தது.

அந்தப் புகைக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

சிலிண்டருக்குள் எரிபொருள் வெடித்து எரியும்போது உண்டாகும் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனைச் சுற்றி ரிங் இருந்தாலும் கொஞ்சம் வாயு இடுக்கு வழியாகக் கீழே நழுவத்தான் செய்யும். புது இன்ஜினிலும் இது உண்டு, தேய்ந்ததில் அதிகம். இதற்கு ‘புளோ பை’ என்று பெயர். நழுவிய வாயு போய்ச் சேரும் இடம், கிராங்க் ஷாஃப்ட் சுழலும், ஆயில் நிற்கும் கிராங்க் கேஸ்.

அந்த வாயுவில் எரியாத பெட்ரோல், கரி, நீராவி எல்லாம் கலந்திருக்கும். நீராவி எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்ஸர் வழியாகப் போய்விடும். கீழே நழுவியது ஆயிலோடு சேர்ந்து குழைந்து, வெளுத்த பசையாகவோ கருத்த சேறாகவோ படியும். வெளியேற வழியில்லை என்றால் உள்ளே அழுத்தம் ஏறும். சீல், கேஸ்கெட் வழியாக ஆயில் கசியும். ஆக, இன்ஜினுக்கு மூச்சு விட ஒரு துவாரம் வேண்டும்.

அமெரிக்காவின் பழைய கார்களிலும் டிரக்குகளிலும் (செவர்லேயின் அந்தக் கால ஆறு சிலிண்டர் டிரக் இன்ஜின்களும் இதில் சேர்த்தி) இதற்குச் செய்த ஏற்பாடு ரொம்ப எளிமையானது. கிராங்க் கேஸிலிருந்து ஒரு குழாய், சாலையைப் பார்த்துக் கீழே இறங்கும். முனை சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். வண்டி ஓடும்போது அடியில் பாயும் காற்று அந்த முனையில் அழுத்தத்தைக் குறைத்து, உள்ளிருக்கும் வாயுவை உறிஞ்சி வெளியே விடும். ஆயில் மூடியில் உள்ள கம்பி வலை வழியாகப் புதுக் காற்று உள்ளே போகும். இதை ‘ரோடு டிராஃப்ட் டியூப்’ என்றார்கள்.

இதில் இரண்டு குறை. வண்டி நின்றாலோ மெதுவாகப் போனாலோ உறிஞ்சல் இல்லை, சேறு சேரும். வேகமாகப் போனாலோ எல்லாம் ஊர்க் காற்றில் கலந்துவிடும். ஆயில் சாலையில் சொட்டும்.

ஊர்க் காற்று என்றதும் லாஸ் ஏஞ்சல்ஸ் வருகிறது. 1943 ஜூலையில் அந்த நகரத்தைக் கண் எரியும் புகைமூட்டம் ஒன்று சூழ்ந்தது. போர்க்காலம் ஆயிற்றே, ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றே சிலர் பயந்தார்கள். பிறகு ஒரு செயற்கை ரப்பர் மூலப்பொருள் ஆலையைக் கைகாட்டினார்கள். ஆலையை நிறுத்தியும் புகை நிற்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் கால்டெக்கைச் சேர்ந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்ஸ்மிட் விஷயத்தைப் போட்டு உடைத்தார்: எரியாத ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிந்து உண்டாவதுதான் இந்தப் புகைமூட்டம். ஹைட்ரோகார்பனைக் கக்குவதில் முக்கியப் பங்கு ஊர் மக்கள் ஓட்டும் கார்களுடையது.

லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் நிர்வாக உறுப்பினர் கென்னத் ஹான் 1953 முதல் டெட்ராய்ட் கம்பெனிகளுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். வாகனப் புகை காற்றில் சீக்கிரம் கரைந்துவிடும், பிரச்சினை இல்லை என்ற தோரணையில் பதில் வந்தது. 1950களின் கடைசியில்தான் இன்னொரு உண்மை உறைத்தது. காரிலிருந்து வரும் ஹைட்ரோகார்பனில் கால் பங்கு வரை சைலன்ஸர் வழியாக வரவேயில்லை; அந்தச் சின்னக் குழாய் வழியாக வந்துகொண்டிருந்தது.

தீர்வும் கடினமில்லை. குழாயைச் சாலைக்கு விடாமல் இன்டேக் மேனிஃபோல்டுக்குத் திருப்பிவிட்டால் போதும். இன்ஜின் தன் வாயுவைத் தானே உறிஞ்சி மறுபடி எரித்துவிடும். நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வால்வு, உள்ளே ஒரு ஸ்பிரிங். ஐடிலில் உறிஞ்சல் பலமாக இருக்கும்போது வழியைக் குறுக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அகலத் திறக்கும். இதுதான் பி.சி.வி. வால்வு.

இது புதுக் கண்டுபிடிப்பே இல்லை. இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பிலேயே இப்படி ஒரு வால்வு இருந்தது. ஆற்றில் இறங்கவும் புழுதியில் ஓடவும் வேண்டிய வண்டிக்குத் திறந்த குழாய் ஒத்துவராதே! ராணுவத்துக்குத் தேவைப்பட்டபோது போட்டார்கள். ஊர்க்காரன் நுரையீரலுக்கு வர ஏறக்குறைய இருபது வருஷம் ஆனது. 1961 மாடல்களில் கலிஃபோர்னியாவுக்கு, 1963 மாடல்களில் நாடு முழுக்க. கிராங்க் கேஸிலிருந்து எதுவுமே வெளியே போகக்கூடாது என்ற தேசிய விதி 1968 மாடல்களுக்குத்தான் வந்தது.

தாமதம் தற்செயலா? 1969 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை நான்கு பெரிய கார் கம்பெனிகள் மீதும் அவற்றின் சங்கத்தின் மீதும் வழக்குப் போட்டது. மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தாமதப்படுத்தக் கூடிப் பேசிக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. இந்த வால்வும் அந்தப் பட்டியலில் உண்டு. அதே வருஷம் வழக்கு சமரச ஆணையில் முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, விசாரணையும் நடக்கவில்லை. யார் என்ன பேசினார்கள் என்பது நீதிமன்றத்தில் அலசப்படாமலே போனது. எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது அதுதான்.

டீசல் கதை தனி. டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜின் போல த்ராட்டில் இல்லாததால் மேனிஃபோல்டில் அந்த உறிஞ்சல் கிடையாது. அதனால் லாரிகளில் பிரீதர் குழாய் வெளியே தொங்கிக்கொண்டே இருந்தது. டர்போ வைத்த கனரக டீசலுக்கு இருந்த விலக்கை அமெரிக்காவே 2007 மாடல்களில்தான் எடுத்தது. நம் ஊர்ப் பழைய லாரி நின்று கிளம்பிய இடத்தில் கிடக்கும் கருப்புச் சொட்டில் கொஞ்சம் அந்தக் குழாயின் உபயமாகவும் இருக்கலாம்.

உங்களிடம் பழைய பெட்ரோல் வண்டி இருந்தால் கசடைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மூடிக்கடியில் வெளுத்த பசை மட்டும் என்றால், பெரும்பாலும் இன்ஜின் சூடேறுவதற்குள் நிறுத்தும் குட்டிப் பயணங்களால் சேர்ந்த ஈரம். கூடவே ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கணும். ஏர் ஃபில்டர் ஆயிலில் நனைந்திருந்தால் வால்வு அடைத்திருக்கிறது, இல்லை ரிங் தேய்ந்திருக்கிறது. முதலில் வால்வைக் கழற்றிப் பாருங்கள். அது சில நூறு ரூபாய் சமாச்சாரம். இன்ஜினைப் பிரித்தால் ஆகும் செலவு வேறு.